வெயில், நோன்பு, வலி மாத்திரை: சிறுநீரகத்தின் இரண்டு மதகுகள்



டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களை அறியாத அறக்கட்டளை நம் பகுதியில் இருக்காது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும், போகவர ஆகும் வண்டிச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாளின் கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன.

சிறுநீரகம் பழுதாவதற்கு முதல் காரணங்கள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இந்த இரண்டோடு வேறொன்றும் சேர்ந்தால், ஓரளவு நன்றாக இயங்கி வந்த சிறுநீரகமும் சில நாட்களிலேயே படுத்துவிடக்கூடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. உடலில் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைதான் அது.

ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லை, மருந்துக் கடைகளுக்கும் குறைவில்லை. அதனாலேயே இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வலி மாத்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது புரிய வேண்டுமானால், சிறுநீரகத்துக்குள் ஓடும் ரத்தத்தை ஹார்மோன்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கல்லூரிப் பாடம் போல இருந்தாலும், மேட்டூர் அணையின் மதகுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர்

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக, அதாவது ஒரு லிட்டருக்கு மேல், சிறுநீரகங்களுக்கே போகிறது. இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 300 கிராம்தான். உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத உறுப்புக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு? தன்னுடைய தேவைக்காக அது இவ்வளவு வாங்குவதில்லை. முழு உடலின் ரத்தத்தையும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து கொடுப்பதற்காகவே வாங்குகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டியும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்குள் ரத்தத்தைக் கொண்டுவர ஒரு குழாயும், வெளியே கொண்டுபோக இன்னொரு குழாயும் உண்டு. இரண்டின் சுவரிலும் தசை இருப்பதால் இரண்டுமே சுருங்கவும் விரியவும் முடியும். புரிவதற்காக, ரத்தம் நுழையும் குழாயை உள்மதகு என்றும், வெளியேறும் குழாயை வெளிமதகு என்றும் வைத்துக்கொள்வோம்.

ரத்தத்திலுள்ள நீரும் கழிவும் வடிகட்டி வழியே இறங்குவதற்குத் தேவையானது அழுத்தம். உள்மதகு நன்றாகத் திறந்து, வெளிமதகு சற்றுக் குறுகினால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும், வடிதல் நடக்கும். உள்மதகு குறுகி, வெளிமதகு அகலத் திறந்துகொண்டால் அழுத்தம் இறங்கும், வடிதல் குறையும். எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இப்படி வடிகிறது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் மீண்டும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. மிச்சமான ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டில் இந்தக் கணக்கு இரவும் பகலும் நாம் அறியாமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மதகைத் திருப்பும் கைகள்

இந்த இரண்டு மதகுகளையும் நேரத்துக்குத் தக்கபடி திருப்புவதில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலாவது ரெனின். உள்மதகின் சுவரிலேயே இருக்கும் சில செல்கள் அங்கு வரும் ரத்தத்தின் அழுத்தத்தை எப்போதும் கவனித்தபடி இருக்கின்றன. அழுத்தம் குறைந்தாலோ, வடிந்த நீரில் உப்பு குறைந்தாலோ, நரம்பு வழியாக அவசரச் செய்தி வந்தாலோ, அவை ரெனினை ரத்தத்தில் கலந்துவிடும். ரெனின் தானாக எந்தக் குழாயையும் சுருக்குவதில்லை. கல்லீரல் தயாரித்து அனுப்பியிருக்கும் ஒரு புரதத்தை வெட்டி, ஆஞ்சியோடென்சின்-1 என்ற துண்டை உண்டாக்குவதோடு அதன் வேலை முடிகிறது. அந்தத் துண்டை இன்னும் நறுக்கி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்கும் நொதி, பெருமளவு நுரையீரலின் ரத்தக் குழாய்களில் இருக்கிறது. நுரையீரல் வழியாக ரத்தம் கடந்து வருகிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ். ஆனால் அந்தப் பயணத்தின் நடுவே இப்படியொரு வேலையும் நடக்கிறது என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

ஆஞ்சியோடென்சின்-2 தான் உண்மையில் மதகைத் திருப்பும் கை. உடல் முழுவதும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தைத் தூக்குகிறது. சிறுநீரகத்தில் உள்மதகைவிட வெளிமதகையே அதிகமாகக் குறுக்குகிறது. அதனால் வரும் ரத்தம் குறைந்தாலும் வடிகட்டிக்குள் அழுத்தம் விழாமல் நிற்கிறது. அதோடு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கவைத்து உப்பைச் சேமிக்கிறது. மூளையில் தாகத்தையும் கிளப்புகிறது.

இரண்டாவது, புரோஸ்டாகிளாண்டின்கள். இவை ரத்தத்தில் நெடுந்தூரம் போகும் ஹார்மோன்கள் அல்ல. சுரந்த இடத்திலேயே வேலை செய்து அங்கேயே மறைந்துவிடுபவை. உடல் நெருக்கடியில் இருக்கும்போது உள்மதகு மூடிக்கொள்ளாமல் பிடித்துத் திறந்து வைத்திருப்பது இவற்றின் வேலை.

இன்னும் சில கைகளும் உண்டு. அதிர்ச்சி, கடும் ரத்தப்போக்கு போன்ற நேரங்களில் அட்ரீனலினும் நார்-அட்ரீனலினும் சிறுநீரகக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகின்றன. மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் தண்ணீரைச் சேமிக்கச் சொல்கிறது. தண்ணீர் குடிக்காத நாளில் சிறுநீர் அடர் மஞ்சளாவது இதனால்தான். ரத்தத்தின் அளவு மிகுந்துவிட்டால் இதயத்தின் மேலறைகளே ஒரு ஹார்மோனைச் சுரந்து, உள்மதகைத் திறந்து உப்பையும் நீரையும் வெளியேற்றச் செய்கின்றன. இதயமும் ஹார்மோன் சுரக்கிறது என்பதைக் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் 1981-ல் காட்டினார்.

மேட்டூர் அணை திறந்த ஆண்டில்

இந்த அறிவு ஒரே நாளில் கிடைத்ததல்ல. 1898-ல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர்க்மனும், முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் ரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை வெள்ளியால் செய்த ஒரு சிறிய கிடுக்கியால் பாதி இறுக்கினார். ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகம், உடல் முழுவதின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிட்டது. தனக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் சிறுநீரகம் சும்மா இருக்காது, ஹார்மோன் வழியாகக் குரல் கொடுக்கும் என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. இன்று நாம் போடும் பிரஷர் மாத்திரைகளில் பலவற்றுக்கு வேர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

தண்ணீர் வற்றும் நாளில் நடப்பது

பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுவதும் வேலை செய்கிறோம், வியர்வை வழிகிறது. அல்லது வாந்தியும் வயிற்றுப்போக்கும். அல்லது காய்ச்சல். ரத்தத்தின் அளவு குறைகிறது. உடனே சிறுநீரகம் இரண்டு கைகளாலும் தன்னைக் காத்துக்கொள்கிறது. புரோஸ்டாகிளாண்டின் உள்மதகைத் திறந்து பிடிக்கிறது. ஆஞ்சியோடென்சின்-2 வெளிமதகைக் குறுக்குகிறது. சிறுநீர் குறைந்து மஞ்சளானாலும் வடிகட்டி நின்றுவிடுவதில்லை. தண்ணீர் குடித்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பாதுகாப்பு இது.

இந்த நேரத்தில் அந்த இரண்டு கைகளையும் நாமே கட்டிப்போட்டால் என்ன ஆகும்?

வலி மாத்திரை எந்தக் கையைக் கட்டுகிறது

ஆஸ்பிரின் வகை மருந்துகள் வலியைக் குறைப்பது, உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பதன் மூலம்தான் என்பதை 1971-ல் லண்டனில் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு, மெஃபெனமிக் அமிலம் எல்லாமே இதே வழியில் வேலை செய்பவை. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் அதே மாத்திரை, சிறுநீரகத்தின் உள்மதகைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் தடுத்துவிடுகிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று மாத்திரைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நல்ல ஆரோக்கியமும் போதிய தண்ணீரும் உள்ள ஒருவர், மருத்துவர் சொன்னபடி ஓரிரு நாள் போட்டால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. அப்போது உள்மதகு தானாகவே திறந்திருக்கும். அதைப் பிடித்து வைக்க யாரும் தேவையில்லை. தண்ணீர் வற்றிய நாளில், அல்லது சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவரிடத்தில்தான் அந்தக் கை இல்லாதது ஆபத்தாகிறது.

சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அது வயிற்றுப் புண்ணைப் பற்றிய எச்சரிக்கை மட்டுமே. சிறுநீரகத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.

பிரஷர் மாத்திரை குற்றவாளியா?

எனலாப்ரில், ராமிப்ரில் போல ‘ப்ரில்’ என்று முடியும் மருந்துகள் ஆஞ்சியோடென்சின்-2 உண்டாவதைத் தடுக்கின்றன. லோசார்டான், டெல்மிசார்டான் போல ‘சார்டான்’ என்று முடிபவை அதன் வேலையைத் தடுக்கின்றன. இரண்டாலும் வெளிமதகு சற்றுத் திறக்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்குகிறது.

இது கெடுதல் அல்ல, பெரிய நன்மை. சர்க்கரை நோயில் வடிகட்டிகள் பல ஆண்டுகள் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் வேலை செய்துதான் கெட்டுப்போகின்றன. அந்த அழுத்தத்தை இறக்கி, சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்து, டயாலிசிஸ் வரும் நாளைத் தள்ளிப்போடுபவை இந்த மாத்திரைகளே. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. பிரஷர் மாத்திரையால் வெளிமதகைக் குறுக்கும் கை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. சிலருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருப்பதால் உடலில் நீரும் குறைவாகவே இருக்கிறது. பிரஷர் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று இருந்தால், பெரும்பாலும் நீர் பிரியும் மருந்தும் அதில் கலந்திருக்கும். இதற்கு மேல் வலி மாத்திரையும் போட்டால் உள்மதகும் குறுகிவிடும். உள்ளே வரவும் வழி குறைவு, உள்ளே நிறுத்தி வைக்கவும் ஆள் இல்லை. வடிகட்டியில் அழுத்தம் விழுந்து, சில நாட்களில் கிரியேட்டினின் ஏறத் தொடங்குகிறது. இந்த மூன்று மருந்துகளும் சேர்வதை மருத்துவ உலகம் மும்முனைத் தாக்குதல் என்றே எச்சரிக்கிறது. உடனே கண்டுபிடித்து வலி மாத்திரையை நிறுத்தி, நீர் ஏற்றினால் பெரும்பாலானவர்கள் மீள்கிறார்கள். தாமதித்தால் சிலருக்கு நிரந்தரச் சேதமாகிவிடுகிறது.

வெயிலில் உழைப்பவர்களும் ஹாஜிகளும்

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 10 பேரில் சுமார் 9 பேர், பாதுகாப்பானது என்று வகுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பிட வசதி இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது இதுபோன்ற வேலைத்தலங்கள் எங்கும் காணக்கூடியது.

நம் சேலம், நாமக்கல் பக்கம் உப்பளம் இல்லை. ஆனால் வெள்ளிப் பட்டறையில் உலையின் முன் உட்காருபவர், தகரக் கூரையின் கீழ் தறி ஓட்டுபவர், பகல் முழுவதும் லாரியின் என்ஜின் சூட்டில் இருப்பவர், ஜவ்வரிசி ஆலையில் களத்தில் நிற்பவர் எல்லோருக்கும் இந்தச் செய்தி பொருந்தும். வியர்வை வழிய வேலை செய்துவிட்டு, மாலையில் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை, மறுநாளும் ஒன்று என்று பழகிவிட்டவர்கள் நம்மில் அதிகம். அந்த மாத்திரையைவிட முதலில் உடலுக்குத் தேவை தண்ணீர்.

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவுதி அரசு அறிவித்தது. முறையான பதிவு இல்லாமல், நிழலும் தங்குமிடமும் கிடைக்காமல் நெடுந்தூரம் நடந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஹாஜிகளில் வயதானவர்கள் அதிகம். பலர் பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். தவாஃபிலும் ஸயீயிலும் நடந்து கால் வலிக்கும்போது பையில் இருக்கும் வலி மாத்திரையைத் தேடுவது இயல்பு. புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, வலிக்கு எது பாதுகாப்பானது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நோன்பு வைப்பவர்களுக்கு

நோன்பு சிறுநீரகத்துக்கு எதிரி அல்ல. ஆரோக்கியமானவருக்கு 13 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பதைச் சமாளிக்கத்தான் மேலே சொன்ன ஹார்மோன்கள் இருக்கின்றன. இஃப்தாரில் தண்ணீர் உள்ளே போனதும் ரெனினும் வாசோபிரசினும் அடங்கிவிடுகின்றன. சர்க்கரையோடு சிறுநீரகக் குறையும் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், முதியவர்கள் மட்டும் ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். எந்த மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றலாம், எதை ஸஹரில் எடுக்கக் கூடாது, எதன் அளவைக் குறைக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் மனம் வருந்த வேண்டியதில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் அல்-பகரா அத்தியாயத்திலேயே சலுகை அளிக்கப்பட்டிருக்கிறது. களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் எழுதி ஒட்டி வைக்க

1. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கடும் வெயில் உள்ள நாட்களிலும் நோன்பு நேரத்திலும் வலி மாத்திரையை நாமாகப் போடக் கூடாது. காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் பாராசிட்டமால் உள்மதகை இப்படிப் பாதிப்பதில்லை. அதையும் சொன்ன அளவில் மட்டுமே எடுக்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுங்கள்.

2. பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கும் அட்டையில் அசெக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கலந்திருக்கலாம். பெயரைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

3. மருந்துக் கடையில் எதை வாங்கினாலும், “எனக்குப் பிரஷர் மாத்திரை இருக்கு, சர்க்கரை இருக்கு” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

4. வாந்தி, பேதி வந்தால் பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்; பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். அந்த முடிவு நம்முடையதல்ல, அவருடையது.

5. சிறுநீர் மிகக் குறைந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, கால், முகம் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

6. இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்த தண்ணீர் சிறுநீராகவே போய்விடும். நோன்புக் கஞ்சி நல்லது. உப்பும் எண்ணெயும் மிகுந்த பலகாரத்தைக் குறையுங்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் அந்த அளவை மீற வேண்டாம்.

7. சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளுக்குப் பெரிய செலவு இல்லை. பாதிப்பு பாதி முற்றும்வரை சிறுநீரகம் வலித்துக் காட்டாது.

இந்தக் கட்டுரை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவினால் போதும். நம் உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். டயாலிசிஸுக்கு உதவுவது நன்மை. ஒருவர் அந்த நாற்காலிக்குப் போகாமல் தடுப்பது அதைவிடப் பெரிய நன்மை. இதைப் படித்தவர்கள், படிக்க இயலாத பெரியவர்களுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தருவானாக, ஆமீன்.